தறிக்குழியை மூடுவதா, வைப்பதா? ஆரணி நெசவு வீடுகளைப் புதுப்பிக்கும் பாடு

நம் குடியிருப்பில் வசிப்பவர்களில் பலருக்கு ஊரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. தாத்தா கட்டியதாக இருக்கும், அல்லது அவருடைய அப்பா கட்டியதாக இருக்கும். அத்தையோ சித்தப்பாவோ அங்கே இருந்தவரை அது வீடாக இருந்தது. அதன்பிறகு பூட்டும் சாவியுமாக ஆகிவிட்டது. ஓடு சரிந்துவிட்டது, கதவில் கரையான் ஏறிவிட்டது, மழையில் ஒரு பக்கச் சுவர் ஊறிவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வரும். விடுமுறையில் போய்ப் பார்த்து, கொஞ்சம் பணம் போட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பது இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த இதழின் வரலாற்றுக் கட்டுரைக்கு ஆரணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆரணிப் பட்டு நம் வீட்டு பீரோக்களில் இருக்கிறது. அது நெய்யப்பட்ட வீட்டைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியாது. குடியிருப்பதற்கும் தொழில் செய்வதற்கும் சேர்த்துக் கட்டப்பட்ட வீடு அது. எல்லாப் பழைய வீட்டுக்கும் வரும் தொல்லைகள்தான் அதற்கும் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு தொல்லையும் கடைசியில் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: கூடத்தில் இருக்கும் தறிக்குழியை மூடுவதா, வைப்பதா?

ஊர் வந்த வழி

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. 17ஆம் நூற்றாண்டில், சிவாஜியின் தந்தை ஷாஜியோடு தெற்கே வந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவரின் குடும்பத்துக்கு இது ஜாகீராகக் கிடைத்தது. அந்த மராத்தியக் குடும்பம் பல தலைமுறைகள் ஆரணி ஜாகீர்தார்களாக இருந்தது. ஆரணிக் கோட்டை அந்தக் காலத்துப் போர்களில் அடிக்கடி அடிபடும் பெயர். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே ராஜா சாகிப்பையும் அவருடன் இருந்த பிரெஞ்சுக்காரர்களையும் தோற்கடித்தார். 1782இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் இதே ஆரணியில் மோதல் நடந்தது. ஹைதர் தன் படைக்கு வேண்டிய பொருள்களை இந்தக் கோட்டையில்தான் சேர்த்து வைத்திருந்தார்.

படைகள் வந்து போயின, தறி நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆரணிக்கு வெளியூரில் பெயர் வாங்கிக் கொடுத்தது பருத்தியில் நெய்த மெல்லிய மஸ்லின் துணி. பட்டுக்கு ஊர் முழுமையாக மாறியது பின்னால். இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணி டவுன் மட்டுமல்லாமல் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுவதும் தறிச் சத்தம் கேட்டுப் பழகிய ஊர்கள். இந்தத் தெருக்களில் உள்ள பழைய வீடுகளைப் பார்த்தால், பருத்திக் காலத்திலிருந்து பட்டுக் காலத்துக்கு வந்த வழி சுவரிலும் கூரையிலும் தெரியும்.

வீடே பட்டறை

நெசவாளர் வீட்டின் அடிப்படை அமைப்பு எளிமையானது. தெருவோடு ஒட்டித் திண்ணை. உள்ளே நுழைந்தால் நீளமான கூடம். கூடத்தின் தரையில் தறிக்குழி. அதற்குப் பின்னால் சமையல்கட்டும், முற்றமும், கிணறும். படுக்கையறை என்று தனியாக எதுவும் கிடையாது. தறி ஓயும் நேரத்தில் கூடமே படுக்கையறை.

குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். தறியின் பாரத்தைத் தரையே தாங்குவதால் பெரிய மரச்சட்டம் தேவையில்லை. மண்ணின் ஈரம் நூலுக்கு அருகிலேயே இருப்பதால் இழை சீக்கிரம் அறாது. காற்று மிகவும் உலர்ந்தால் இழை அறும்; ஒவ்வோர் அறுப்பையும் கையால் முடிய வேண்டும். ஆகவே கூடம் குளுமையாக இருப்பது வசதிக்காக மட்டுமில்லை, கூலிக்காகவும்தான்.

வெளிச்சமும் அப்படித்தான். ஓட்டுக் கூரையில் தறிக்கு நேர் மேலே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு போட்டிருப்பார்கள். சேலையின் கரையில் ஜரிகை ஓடும் இடத்தில் ஓர் இழை தவறினாலும் தெரிய வேண்டும். தெருவும் வீட்டின் ஒரு பகுதிதான். பாவு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சீர்செய்து எடுத்துவிடுவார்கள். திண்ணையில் பெண்களும் வயதானவர்களும் ராட்டையில் ஊடைக்குத் தார் சுற்றுவார்கள். ஒரு சேலையில் நெய்பவர் பெயர்தான் ஒன்று. உழைப்பு வீட்டிலுள்ள எல்லோருடையதும்.

நாம் வசிக்கும் ஃபிளாட்டில் ஹாலை உள்ளறையாகவும் உள்ளறையை ஹாலாகவும் மாற்றலாம், யாருக்கும் நஷ்டமில்லை. தறி வீட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று பாதிக்கும். திண்ணையை இடித்துக் கடையாக்கினால் தார் சுற்ற இடம் போகும். முற்றத்தை மூடினால் வெளிச்சம் போகும். அண்ணன் தம்பி பாகத்துக்காகக் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினால், இருவர் பக்கத்திலும் தறி நிற்க இடமில்லாமல் போகும்.

சுண்ணாம்புக்கு மேல் சிமென்ட்

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர் முதலில் சந்திப்பது சுவரை. மேஸ்திரி வருவார், தட்டிப் பார்ப்பார், பூச்சு உதிர்வதைக் காட்டுவார். "எல்லாத்தையும் கொத்திட்டு சிமென்ட் பூசிடலாம்" என்பார். அவர் சொல்வது தவறான எண்ணத்தில் இல்லை. அவருக்குத் தெரிந்த பொருள் சிமென்ட். அந்தச் சுவருக்குத் தெரிந்த பொருள் சுண்ணாம்பு.

இன்று நாம் அறிந்த போர்ட்லாண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது, அது நிலைக்கவில்லை. கோவைக்கு அருகே மதுக்கரை ஆலை 1934இலும், திருச்சிப் பக்கம் டால்மியாபுரம் ஆலை 1939இலும், திருநெல்வேலித் தாழையூத்து ஆலை 1949இலும் வந்தன. ஆக, சிற்றூர் மேஸ்திரியின் கைக்குச் சிமென்ட் மூட்டை சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கியது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான். அதற்கு முன் எழுந்த சுவர் எதுவானாலும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்புக் காரை மெதுவாக இறுகும் பொருள். நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அப்படி இறுகிய பின்னும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே ஆவியாகி வெளியேறிவிடும்.

இந்தச் சுவரின்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. அது உள்ளே தங்கும், அல்லது பூச்சு இல்லாத உயரம்வரை ஏறும். ஈரத்தோடு உப்பும் ஏறும். உப்பு படிகமாகும்போது செங்கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். மூன்று நான்கு மழை கழித்துப் புதுப் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் இழுத்துக்கொண்டு விழும். "போன தடவை பூசினவன் சரியில்லை" என்று இன்னும் கெட்டியாகச் சிமென்ட் பூசுவோம். செலவு இரண்டு மடங்கு, ஈரம் அதே அளவு.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. இதுதான் நியாயம். சிரமம் என்னவென்றால், இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார் குறைவு. செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பளபளப்பாக இழைக்கும் பூச்சை அறிந்தவர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். கோயில் திருப்பணிகளிலும் சுண்ணாம்பு வேலை நடக்கிறது. ஆள் கிடைத்தாலும் காலம் வேண்டும். பத்து நாள் லீவில் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று போகிறவருக்குச் சுண்ணாம்பு ஒத்துவராது.

கூரை: நாட்டு ஓடு முதல் கான்கிரீட் வரை

பழைய கூரை பெரும்பாலும் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து, பாதியாக அறுத்துச் சுட்ட ஓடு. அடுக்கடுக்காக வேய்ந்தால் நல்ல குளிர்ச்சி. ஆனால் பூனை ஓடினாலும் குரங்கு குதித்தாலும் நகரும்; ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் வேண்டும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது. ஒன்றோடொன்று கொக்கியாக மாட்டிக்கொள்ளும் தட்டை ஓடுகள் அங்கிருந்து பரவின. ரயில் வந்ததும் இப்படிப்பட்ட பொருள்கள் உள்ளூர்களுக்கும் எளிதாகப் போய்ச் சேர்ந்தன. ஆரணி டவுனுக்குள் ரயில் வரவில்லை. விழுப்புரம்–காட்பாடிப் பாதையில் களம்பூரில் இருக்கும் ‘ஆரணி ரோடு’ நிலையம்தான் ஊருக்கு ரயில்.

வசதியானவர்கள் வீட்டில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக, கோணலாக அடுக்கி, சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திம்சு போட்டு, தட்டோடு பதித்த தளம் அது. அடியில் ஒரு இரும்புக் கம்பிகூட இல்லாமல் நூறு ஆண்டு நிற்கும். உத்திரத்தின் நுனி சுவருக்குள் ஈரத்தில் ஊறி இற்றுப்போனால் மட்டும் ஆபத்து. அந்த நுனிகளைப் பார்க்காமல் தளத்தின்மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

இன்று கூரை பழுதானால் எல்லோரும் போவது கான்கிரீட்டுக்கு. ஒழுகாது, மாடி கட்டலாம், திருட்டுப் பயமில்லை. இதெல்லாம் உண்மைதான். தறி வீட்டில் மட்டும் அது வேறு இரண்டு கேள்விகளைக் கொண்டுவருகிறது. ஒன்று, வெயில். கோடையில் பகலெல்லாம் காய்ந்த தளம் இரவிலும் வெப்பத்தை இறக்கும். கூடத்தின் குளுமை போய்விடும். இரண்டாவது, உயரம்.

லியோனிலிருந்து வந்த பெட்டி

சேலையின் கரையிலும் முந்தியிலும் மயிலும் மாங்காயும் எடுக்க, எந்தப் பாவு இழை எப்போது தூக்கப்பட வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று நூலைத் தூக்க வேண்டியிருந்தது. பிரான்சின் பட்டு நகரமான லியோனில் ஜோசப் மரி ஜக்கார்ட் 1804இல் உருவாக்கிய கருவி, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அந்த வேலையைச் செய்தது. அந்தக் கருவியின் வழிவந்த பெட்டிகள்தான் இன்று நம் பட்டுத் தறிகளின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. நெசவாளர்களும் அதை ஜக்கார்டு என்றே சொல்கிறார்கள்.

இந்தப் பெட்டி தறிக்கு மேலே உயரத்தில் நிற்க வேண்டும். லியோன் நகரத்தின் பழைய வீடுகளில் அதற்கு உயரம் போதவில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்கள் குவா ரூஸ் என்ற குன்றுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே சுமார் 4 மீட்டர் உயரக் கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஒரே அறையில் தறி, அதன் ஓரத்தில் பரண் போட்டுப் படுக்கை. 1831இல் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தவர்கள் இந்தக் கட்டடங்களில் வசித்தவர்கள்தாம். இன்று அங்கே தறி அநேகமாக இல்லை. தறிக்காக உயர்த்திய அந்தக் கூரைகள்தான் இப்போது ஃபிளாட் வாங்குவோருக்குப் பெரிய கவர்ச்சி. பரணையே இன்னோர் அறையாக்கிக்கொள்கிறார்கள். தொழில் போனாலும், தொழிலுக்காகக் கொடுத்த உயரமும் வெளிச்சமும் கட்டடத்தைக் காப்பாற்றின.

லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. பிரான்சிலிருந்து மத நெருக்கடியால் வெளியேறிய ஹியூகெனாட் நெசவாளர்களின் பெயரோடு அறியப்படும் பகுதி அது. மேல்மாடியில் அகலமான ஜன்னல் வைத்து, அங்கே தறி போட்டிருந்த வீடுகள் இருந்தன. 1970களில் இந்தப் பழைய வீடுகள் இடிபடும் நிலை வந்தபோது, 1977இல் அமைந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் டிரஸ்டைச் சேர்ந்தவர்கள் எல்டர் தெருவில் வீட்டுக்குள்ளேயே போய்க் குடியிருந்து இடிப்பைத் தடுத்தார்கள்.

ஆரணியில் ஓட்டுக் கூரையின் முகடு உயரமாக இருந்ததால் ஜக்கார்டு பெட்டிக்கு அதன் அடியில் இடம் கிடைத்தது. அந்தக் கூரையை எடுத்துவிட்டு வழக்கமான 10 அடி உயரத்தில் கான்கிரீட் போட்டால் பெட்டிக்கு நெருக்கடி. அட்டை மாற்றவும் நூல் கட்டவும் மேலே ஆள் கை நுழைய வேண்டும். தறி தொடர வேண்டுமென்றால் தளத்தின் உயரத்தை முதலிலேயே கூட்டிச் சொல்ல வேண்டும். சென்டரிங் பலகை அடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

உயர்ந்த தெரு, தாழ்ந்த வீடு

தறிக்குழியின் பெரிய எதிரி வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலத்தடி நீர் ஏறும்போது குழியில் நீர் ஊறும். தறி நிற்கும். தீபாவளிக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் சேலை போக வேண்டிய நேரம் இது.

முன்பெல்லாம் வீடு தெருவைவிட உயரமாக இருந்தது. இரண்டு மூன்று படி ஏறித்தான் திண்ணை. பிறகு ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய சாலைமேலேயே புதுச் சாலை விழுந்தது. படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்தன. இன்று பல பழைய தெருக்களில் மழைநீர் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறது. நம் குடியிருப்பு வாசலிலேயே இந்தத் தொல்லையைப் பார்த்திருக்கிறோம். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அது நம் தெருவில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கவனிப்பது நம் வேலை.

தாழ்ந்த வீட்டுக்கு மூன்று வழிகள் சொல்வார்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது; உள்ளே தரையை மட்டும் மண் கொட்டி உயர்த்துவது; இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. கான்கிரீட் பெல்ட் இல்லாத மண், சுண்ணாம்புச் சுவர்களை ஜாக்கியில் தூக்குவது ஆபத்தான காரியம். தரையை உயர்த்தினால் கதவு நிலையும் ஜன்னலும் தாழ்ந்துபோகும், கூரை உயரமும் குறையும். அப்படி உயர்த்தும்போதுதான் தறிக்குழியும் சத்தமில்லாமல் மூடப்படுகிறது. இடிந்த செங்கல்லையும் மண்ணையும் போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். சரியாகத் திம்சு போடாத குழி இரண்டு வருடத்தில் அமிழும். கூடத்தின் நடுவில் செவ்வகமாக டைல்ஸ் விரிசல் விட்டு, குழி இருந்த இடத்தைத் தானே காட்டிக் கொடுக்கும்.

பங்காளிகளும் பத்திரமும்

சுவரையும் கூரையையும்விடக் கடினமானது காகிதம். ஆரணி ஜாகீராக இருந்த ஊர். 1948ஆம் ஆண்டுச் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன், ஜாகீர் முறைகள் முடிந்தன. வீட்டுப் பத்திரப் பெட்டியைத் திறந்தால் ஒரே மனைக்குப் பல ஆட்சிகளின் காகிதங்கள் இருக்கலாம். அதன்மேல் நகராட்சி வரி ரசீது தாத்தா பெயரில், பட்டா பெரியப்பா பெயரில், மின் இணைப்பு இறந்துபோன அத்தையின் பெயரில்.

யாருக்கெல்லாம் பங்கு என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதிலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்துக்களோடு சமணர்களுக்கும் பொருந்தும். ஆரணிப் பக்கத்தில் தமிழ்ச் சமணர் குடும்பங்கள் உண்டு. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வராதவரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று வைத்திருந்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை கொடுத்தது. அதற்கு முன் திருமணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005இல் மத்தியத் திருத்தம் நாடு முழுவதும் மகள்களுக்குச் சம உரிமை கொடுத்ததோடு, அந்த 23ஆம் பிரிவையும் நீக்கியது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் திறக்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பழைய வீட்டில் பணம் போடுகிறவர் பெரும்பாலும் ஒருவர், உரிமையுள்ளவர்கள் பலர். அந்த வீட்டில் தார் சுற்றிய அத்தைகளின் பிள்ளைகளும் அந்தப் பலரில் அடக்கம். அவர்கள் கையெழுத்து இல்லாமல் வேலை தொடங்கினால், கூரை முடியும் நேரத்தில் வக்கீல் நோட்டீஸ் வரும். முதலில் உட்கார்ந்து பேசி, யார் எவ்வளவு போடுகிறார்கள், பிறகு எப்படிக் கழித்துக்கொள்வது என்று எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது. சிமென்ட் விலையைவிட அது மலிவு.

எவை பிழைத்தன?

நம் மாநிலத்திலும் பக்கத்திலும் பழைய வீடுகள் பிழைத்த விதங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த சிறிய ஓட்டு வீட்டை சாஸ்திரா பல்கலைக்கழகம் எடுத்துச் சீர்செய்தது. 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த வீடு நினைவகமாகப் பிழைத்தது. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. அது காட்சியகமாகப் பிழைத்தது. குழந்தைகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டலாம்.

புதுச்சேரியில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகள் இன்னொரு விதம். 2000களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பு வீட்டுக்காரர்களோடு சேர்ந்து, தெருவின் முகப்புகளைத் திண்ணை, தாழ்வாரத்தோடு சீர்செய்தது. உள்ளே ஜனங்கள் வசித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது.

பிழைக்காதவையும் உண்டு. ஆரணிக்குப் பக்கத்திலேயே பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார்கள் கட்டிய கண்ணாடி மாளிகை கவனிப்பாரின்றிச் சிதைந்து நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் விலைக்கு நிற்கின்றன. மாளிகையின் சுவர் நெசவாளர் வீட்டுச் சுவரைவிடப் பலமானதுதான். ஆனால் அங்கே யாருக்கும் தினசரி வேலை இல்லை. பழைய வீட்டுக்கு மருந்து பெரிய பணமில்லை; ஆண்டுதோறும் ஓடு மாற்றி, சுண்ணாம்படித்து, கதவைத் திறந்து மூடும் ஓர் ஆள்தான்.

ஆக, குழியை என்ன செய்வது?

குழியை வைத்தே ஆக வேண்டும் என்று ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்வது நியாயமாகாது. நாளெல்லாம் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவரின் முழங்காலும் இடுப்பும் அவருக்குத்தான் தெரியும். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகட்டும் என்று நெசவாளரே நினைக்கும்போது, தறி ஓட வேண்டும் என்று பக்கத்தில் நின்று ஆசைப்படுவது சுலபம்.

ஆனால் முடிவு எடுக்காமலேயே குழி மூடப்படுவதுதான் வருத்தமானது. குழி போனால் கூடத்தின் குளுமைக்கும், கண்ணாடி ஓட்டுக்கும், முகட்டின் உயரத்துக்கும் காரணம் போய்விடும். பிறகு ஒவ்வொன்றாக அவையும் போகும். ஆகவே மேஸ்திரியை அழைப்பதற்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து, வீட்டில் அடுத்த இருபது வருடம் யார் இருக்கப்போகிறார்கள், அங்கே என்ன வேலை நடக்கப்போகிறது என்று பேசிவிட வேண்டும்.

நெசவு தொடரப்போகிறது என்றால், வரிசை தெளிவு. முதலில் தெருநீர் உள்ளே வராமல் வடிகால். பிறகு குழிக்குச் செங்கல் சுவரும் ஈரத்தடுப்பும். கூரை மாற்றினால் ஜக்கார்டு உயரம் கணக்கிட்டு மாற்றுவது. வயரிங்கில் தறிக்குத் தனி இணைப்பைக் கேட்டுப் பார்ப்பது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை இலவச மின்சாரம் என்று 2023இல் உயர்த்தியிருக்கிறார்கள். கைத்தறிக்குப் பதில் விசைத்தறி போடலாமே என்று சிலர் கேட்பார்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு அந்த அதிர்வு ஆகாது. மேலும் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985இல் வந்ததே, கரை வைத்த பட்டுச் சேலை போன்றவற்றைக் கைத்தறிக்கென்று காப்பதற்காகத்தான்.

நெசவு தொடரப்போவதில்லை என்றால், குழியை மரப்பலகையால் மூடி வைக்கலாம். பின்னால் மனம் மாறினால் பலகையை எடுத்தால் போதும். வீட்டுக்காரர் நெய்யாவிட்டாலும், தறி வைக்க இடமில்லாத வேறு நெசவாளருக்குக் கூடத்தை வாடகைக்கு விடலாம். வீட்டில் தினமும் ஆள் நடமாட்டம் இருக்கும். நிரந்தரமாக மூடுவதென்றால், அடுக்கடுக்காக மண் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து மூடுங்கள். மூடுவதற்கு முன் குழியின் நீள அகலத்தையும், தறியில் கடைசியாக நெய்தவர்கள் பெயரையும், அவர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர்கள் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரப் பெட்டியில் வையுங்கள். பாகப்பிரிவினை ஆவணத்தில் அந்தப் பெயர்களுக்கு இடம் இருக்காது.

ஊரில் இப்படி ஒரு வீடு வைத்திருக்கும் நம் குடியிருப்பு அன்பர்கள், தங்கள் அனுபவத்தையும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் எந்த ஊரில் கிடைக்கிறார்கள் என்ற தகவலையும் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்பலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறை ஊருக்குப் போய் ஓட்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதினால் இன்னும் நல்லது.